தானாக ஆறிய காது

பெர்னார்டுக்குக் காது கேட்கவில்லை என்று அவரிடமே சொல்லும் தைரியம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் யாருக்கும் இல்லை. அவர் காது அப்படிப்பட்ட காது. டெலிபோன் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ரிசீவர்களை வைத்துப் பார்த்து நல்லது கெட்டது பிரித்த காது. பங்குக் கோயிலில் நாற்பது வருஷத்துக்கு மேல் பாடகர் குழுவை நடத்திய காது. மூன்றாவது வரிசையில் நிற்கும் பையன் இம்மி சுருதி இறங்கினாலும், ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்காமலே அவன் பெயரைச் சொல்லி அதட்டுவார். "பெர்னார்ட் மாஸ்டர் காதுக்குத் தெரியாம கொசுகூடப் பாட முடியாது" என்று கோயிலில் ஒரு பேச்சே உண்டு. அந்தப் பேச்சை ஊரெல்லாம் பரப்பியவரும் பெர்னார்ட்தான் என்பது வேறு விஷயம்.

இப்போது அவருக்கு எழுபத்து நாலு வயது. மனைவி ஃபிலோமினா போய் ஆறு வருஷம் ஆகிறது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். குக்கர் விசில் அடிப்பதில்லை, கெட்டுப்போய்விட்டது என்று புதுக் குக்கர் வாங்கினார். அதுவும் விசில் அடிக்கவில்லை. "இந்தக் காலத்துல ஒரு சாமான் உருப்படியா வர்றதில்ல" என்றார். காலிங் பெல்லை இரண்டு தடவை மாற்றினார். யாராவது பேசினால், "வாயைத் தொறந்து பேசுப்பா, எல்லாரும் இன்னாத்துக்கு முணுமுணுக்கறீங்க" என்று சிடுசிடுத்தார். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டது என்று நம்ப அவர் தயாராக இருந்தார். தன் காது போய்விட்டது என்று நம்பத் தயாராக இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

முயலுக்கு நாலு கால் என்று காட்ட ஒரு விழா வர வேண்டியிருந்தது. பாடகர் குழு தொடங்கி ஐம்பது வருஷம் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசிப் பாட்டை, குழுவைத் தொடங்கிய பெர்னார்ட் மாஸ்டரே நடத்த வேண்டும் என்று கேட்க அஷ்வின் வீட்டுக்கு வந்தான். அஷ்வின்தான் இப்போது குழுவை நடத்துகிறவன், தூத்துக்குடியிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவன், மரியாதை தெரிந்த பையன். "எந்தப் பாட்டு வெச்சுக்கலாம் மாஸ்டர்?" என்று கேட்டான். பெர்னார்ட் சிரித்துக்கொண்டே, "சரிப்பா" என்றார். அவன் மறுபடி கேட்டான். "சரி, சரி, நீ சொன்னா சரி" என்றார். அஷ்வின் என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்த மகள் ஜெசிந்தாவைப் பார்த்தான். மறுநாளே அவள் லிங்கராஜபுரத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் அப்பாவுக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

ஜெசிந்தா அவருக்கு ஒரே பிள்ளை. நாற்பத்திரண்டு வயது. கணவனும் ஒரு மகளும் உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். கடமையில் குறை சொல்ல முடியாத மகள். அம்மாவின் கடைசி நாட்களில் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். வாரம் இரண்டு தடவை வந்து குழம்பு வைத்துவிட்டுப் போவாள். ஆனால் கோயிலில் அவள் வாயைத் திறந்து பாடி யாரும் பார்த்ததில்லை. ஊரே எழுந்து நின்று பாடும்போதும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உதட்டை மூடியபடி நிற்பாள். பாட்டு மாஸ்டர் மகள் இப்படி நிற்பது பெர்னார்டுக்குப் பெரிய தலைகுனிவு.

அதைவிட அவரால் பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவர் எதிரில் நின்று பேச ஆரம்பித்தால் போதும், அவள் முகத்தை இடது பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். ஏழெட்டு வயதிலிருந்தே அப்படித்தான். "பெத்தவன் பேசறேன், மூஞ்சியத் திருப்பிக்கற, இன்னாடி திமிரு உனக்கு?" என்று தாடையைப் பிடித்து நேராக்குவார். பிடித்த பிடியில் கன்னத்தில் விரல் பதிந்த நாட்களும் உண்டு. விட்டதும் அவள் மறுபடி திருப்பிக்கொள்வாள். அவள் அம்மா வீட்டு ரத்தம் அப்படி என்று கடைசியில் தீர்ப்பு எழுதினார். தன் வீட்டு ரத்தத்தைப் பற்றி அந்த வீட்டில் ஃபிலோமினா நிறையக் கேட்டிருந்தாள்.

கிளினிக்கில் கூட்டம். வரவேற்பில் இருந்த பெண், "ஸ்வல்ப கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் கொஞ்சம் உட்காரச் சொன்னாள். பெர்னார்டுக்கு அது விழவில்லை. ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலில் லாவண்யா என்ற பெண் அவரைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அழைத்துப்போய், தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்ற முகத்தோடு பெர்னார்ட் அழுத்தித் தள்ளினார். லாவண்யா கதவைத் திறந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நான் இன்னும் சத்தமே குடுக்கல" என்று உரக்கச் சொன்னாள்.

டாக்டர் தமயந்திக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் தாத்தா மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்கு வந்தவர். பேச்சில் பாதி கன்னட வாசனை. அவள் ஒரு மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டாள். குழாயின் நுனியில் இருந்த கேமரா, காதின் உள்ளே இருப்பதைச் சுவரில் மாட்டிய டிவியில் பெரிதாகக் காட்டியது. "பாருங்க சார், இதுதான் உங்க காது ஜவ்வு. கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. ஒரு கீறல் இல்ல" என்றாள். பெர்னார்ட் மகளை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் விடவில்லை. "ஜவ்வு நல்லாருக்கு. உள்ள இருக்கற நரம்புக்குத்தான் வயசாயிடுச்சு. இது ஆறேழு வருஷமா இறங்கிட்டே வந்திருக்கணும். மிஷின் போட்டுக்கலாம், வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

லாவண்யா இரண்டு காதிலும் மிஷினை மாட்டிப் பழகிப் பார்க்கக் கொடுத்தாள். அவ்வளவுதான், உலகம் இடிந்து அவர் தலையில் விழுந்தது. ஃபேன் இரைந்தது. டாக்டர் காகிதத்தைப் புரட்டினால் தகரத்தை மடக்குவது போல இருந்தது. வெளியே ஆட்டோக்காரன் அடித்த ஹாரனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "கேக்குதா டாடி?" என்று ஜெசிந்தா கேட்டாள். மகளின் குரல் லேசாகக் கரகரப்பாகியிருந்தது. அது எப்போது அப்படி ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை.

"டாக்டர், எனக்கும் ஒரு நிமிஷம் பாத்துடறீங்களா? போன வாரம் புனே போய்ட்டு ஃப்ளைட்ல வந்ததுல இருந்து இடது காது அடைச்ச மாதிரியே இருக்கு" என்றாள் ஜெசிந்தா. அப்பா எழுந்த நாற்காலியில் மகள் உட்கார்ந்தாள்.

டிவியில் இப்போது வேறொரு காது. பெர்னார்ட் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் காதில் பார்த்த மாதிரி பளபளப்பான ஜவ்வு இல்லை இது. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, பழைய சுவரில் சுண்ணாம்பு பொருக்குத் தட்டியிருப்பதைப் போல. நடுவில் ஒரு வட்டம் மட்டும் மெல்லிதாக, உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது. புதுக் காது கிடைத்த உற்சாகத்தில் அவரே கேட்டார்: "அது இன்னா டாக்டர், வெள்ளையா?"

"தழும்பு சார். பழைய தழும்பு" என்றாள் டாக்டர். "இந்த மெல்லிசா இருக்கற வட்டம் தெரியுதா? இங்க பெரிய ஓட்டை இருந்திருக்கு. அப்புறம் தானா மூடிருக்கு. காது ஜவ்வுக்கு மூணு அடுக்கு. இப்படித் தானா மூடும்போது நடு அடுக்கு வளராது, ரெண்டு அடுக்குதான் வரும். அதான் ஃப்ளைட்ல போனா உள்ள இழுத்துக்கும், அடைக்கும். பயப்படாதீங்க." வலது காதையும் பார்த்தாள். "இதுலயும் இருக்கு, கம்மி. ஜெசிந்தா, சின்ன வயசுல காது ஒழுகுச்சா?"

"ஆமாம் டாக்டர். ஆறு வயசுல ஆரம்பிச்சுது. பதினொண்ணு வரைக்கும் விட்டு விட்டு வரும்."

"அஞ்சு வருஷமா? அப்ப உங்களுக்குச் சரியாவே கேட்டிருக்காதே. தண்ணிக்குள்ள முங்கிட்டுக் கேக்கற மாதிரி இருந்திருக்கும். அதுலயும் பாருங்க, தன் குரல் மட்டும் மண்டைக்குள்ள பெருசா கேக்கும். மத்தவங்க குரல் வராது."

"தெரியும் டாக்டர்" என்று ஜெசிந்தா சிரித்தாள். "யாராச்சும் எதிர்ல நின்னு பேசினா புரியாது. வலது காது கொஞ்சம் தேவலைன்னு அதை அவங்க பக்கம் திருப்பிப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகல. ஆபீஸ்ல இன்டர்வியூக்கு வர்றவங்க, நான் ஜன்னலைப் பாக்கறேன்னு நெனச்சு பேச்சை நிறுத்திடறாங்க."

"இப்ப பரவால்ல, முக்கால்வாசி நல்லாவே கேக்குது. அப்பவே வீட்ல யாரும் பெரிய ஆஸ்பத்திரில காட்டலையா?" டாக்டர் இதை யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, சீட்டு எழுதிக்கொண்டே கேட்டாள்.

"மம்மி சொட்டு மருந்து போட்டாங்க" என்றாள் ஜெசிந்தா. அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறேழு வருஷத்துக்குப் பிறகு பெர்னார்டின் காதில் ஒரு சொல் விடாமல் எல்லாம் தெளிவாக விழுந்த நாள் அது. இதைக் கேட்பதற்கா இந்த மிஷின் என்று இருந்தது அவருக்கு.

பிள்ளைகளைப் பாட்டுக்குத் தேர்ந்தெடுப்பதில் பெர்னார்டுக்கு ஒரு முறை இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், பங்கு மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளையும் உயரவாரியாக நிற்க வைப்பார். எல்லாரும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் காதைக் குனிந்து கொண்டுபோய் நடந்து வருவார். சுருதி சேராத பிள்ளையின் தோளைத் தொடுவார். தொட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். திட்டு கிடையாது, அடி கிடையாது, காரணமும் கிடையாது. தன்னைப் போல நியாயமாகத் தேர்ந்தெடுக்கிறவன் பெங்களூரிலேயே இல்லை என்று அவருக்கு எண்ணம். சொந்த மகள் என்று சலுகை காட்டாததும் அந்த நியாயத்தில் சேர்த்தி.

ஜெசிந்தாவை முதல் தடவை தொட்டபோது அவளுக்கு ஏழு வயது. எல்லாரும் ஒரு பக்கம் போக அவள் தன் பாட்டுக்கு வேறு பக்கம் பாடிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் சமர்த்தாக உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பாட வர்றப்போ காதுல பஞ்சு இன்னாத்துக்கு?" என்று அவரே அதைப் பிடுங்கினார். பஞ்சு மஞ்சளாக ஈரமாக இருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பாட்டைத் தொடரச் சொன்னார். பிறகு தோளைத் தொட்டார்.

மூன்றாம் வருஷம் அவள் உட்காரவில்லை. தொட்ட பிறகும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டாம் தடவை தொட்டார். பாடினாள். மூன்றாம் தடவை தோளை அழுத்தி உட்கார வைத்தார். மண்டபமே சிரித்தது. அவருக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. அழுதுகொண்டிருந்தவளைச் சமாதானப்படுத்த ஒரு வேலை கொடுத்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை அவள் பத்தாம் வகுப்பு வரை ஒழுங்காகச் செய்தாள்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் அவருக்கு வழியில்லை. கோயில் டிஸ்பென்சரி சிஸ்டர், பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லி ஃபிலோமினாவிடம் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அங்கே காதுக்குச் சனிக்கிழமை காலையில்தான் பார்ப்பார்கள். சனிக்கிழமை காலையில்தான் பாட்டுப் பயிற்சியும். ஃபிலோமினாவுக்குத் தனியாக அவ்வளவு தூரம் போய்ப் பழக்கமில்லை. "நீங்க ஒரு நாள் வந்தா போதும்" என்றாள். "கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்றார். அது முடிந்தால் தவக்காலம், அது முடிந்தால் ஈஸ்டர், பிறகு மாதா திருவிழா. திருச்சபையின் காலண்டரில் ஒரு பிள்ளையின் காதுக்கு ஒதுக்க ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லை. அப்படியே அஞ்சு வருஷம் ஓடி, ஒரு மழைக்காலத்தில் காது தானாக வற்றிவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் ஃபிலோமினாவைப் பார்த்து, "பாத்தியா, தானா ஆறிடுச்சு. அப்பவே சொன்னேன்ல?" என்று ஜெயித்தவர் மாதிரி கேட்டார். அவள் மோர் ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

கிளினிக்கை விட்டு வந்ததும், முக்கில் இருந்த தர்சினி ஓட்டலில் அப்பாவும் மகளும் நின்றபடி காபி குடித்தார்கள். டவரா தம்ளர் சத்தம் பெர்னார்டின் மண்டையில் ஆணி அடித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிளினிக் படி இறங்கும்போதே முடிவு செய்திருந்தார். இப்போது வாயைத் திறந்தார்.

"காபில சக்கரை ஜாஸ்தி" என்றார்.

"ஆமாம் டாடி."

"ஜெஸி, நீ அப்பவே எங்கிட்ட வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே." மன்னிப்பு என்று கிளம்பிய மனிதர் குற்றச்சாட்டில் போய் நின்றார். பழக்கதோஷம்.

அவள் தம்ளரை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் டாடி. உங்க காதுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு எல்லாரும் சொல்வாங்க. மூணாவது வரிசைல ஒருத்தன் தப்பாப் பாடினா தெரியுதே, கூடவே இருக்கற எனக்குக் காது கேக்கலன்னு தெரியாமலா போகும்? எல்லாம் தெரிஞ்சுதான் உக்கார வெக்கறீங்கன்னு நெனச்சேன். காது நல்லா இருந்தாலும் நான் லாயக்கில்லன்னு உங்களுக்குப் பட்டிருக்கு, அதான்னு நெனச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். ஆபீசில் யாரையோ பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். பெர்னார்ட் மீதிக் காபியைக் குடிக்காமல் தம்ளரை மேடையில் வைத்தார். பேச்சை மாற்றுவதற்கு அவருக்குக் கிடைத்தது இன்னொரு முள்தான். "ஆறேழு வருஷமா எனக்குக் காது இறங்கிருக்குன்னு டாக்டர் சொன்னாங்களே. அப்ப கோயில்ல நான் பாடறது?"

"சுருதில இல்ல டாடி. ரொம்ப நாளாவே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தான் இப்ப கேக்குதே."

"சொல்லியிருக்கக் கூடாதா? முன்வரிசைல நின்னு கத்திட்டிருந்திருக்கேன், ஊரே கேட்டுட்டிருந்திருக்கு."

"எப்படிச் சொல்றது?" என்று ஜெசிந்தா லேசாகச் சிரித்தாள். "தோளைத் தொட்டா?"

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு நாக்கு போதும், மிஷின் எதுவும் தேவையில்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் பிழையை மட்டுமே எடுத்துச் சொல்லிப் பழகிய நாக்கு, தன் பிழை என்று வந்ததும் சண்டித்தனம் செய்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோயிலில் கடைசிப் பயிற்சி. அதற்குள் பெர்னார்ட் ஒரு பரிகாரம் கண்டுபிடித்திருந்தார். நாளைக்குப் பாடகர் குழுவோடு ஜெசிந்தாவையும் நிற்க வைத்துவிட வேண்டும், அதுவும் முன்வரிசையில். முப்பத்து மூன்று வருஷத்துக் கணக்கை ஒரே பாட்டில் நேர் செய்துவிடலாம் என்று நினைத்தார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற புத்தி. வாசலிலேயே அஷ்வினிடம், "ஜெஸியும் பாடுவா. ஒரு இடம் வை" என்று அறிவித்தார்.

"நான் பாடல அஷ்வின்" என்றாள் ஜெசிந்தா. பிறகு அப்பாவிடம் தணிந்த குரலில், "வேணாம் டாடி. எனக்குப் பாடத் தெரியாது. கூச்சம் இல்ல, நெஜமாவே தெரியாது. ஒம்பது வயசுல விட்டது. அப்ப கூட நின்னு பாடியிருந்தா இப்ப தெரிஞ்சிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். அங்கே விழாவுக்காக அச்சடித்த புதுப் பாட்டுப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. அவள் பாட்டுக்கு உட்கார்ந்து அவற்றைப் பிரித்து எண்ணி வைக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லாமலே அவள் கை அந்த வேலையை எடுத்துக்கொண்டதைப் பெர்னார்ட் பார்த்தார்.

காது ஆறிவிட்டது, பாட்டு வரவில்லை. அந்தப் பாட்டை இனி எந்த டாக்டரும் கொண்டுவர முடியாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அஷ்வின் கீபோர்டில் சுருதி பிடித்தான். இருபது பிள்ளைகள் மரியாதையாக மாஸ்டரைப் பார்த்து நின்றார்கள். பெர்னார்ட் கையைத் தூக்கினார். பேச்சுக்கு நன்றாக உதவிய மிஷின் பாட்டில் காலை வாரிவிட்டது. கீபோர்டு தகர டப்பா மாதிரி அலறியது. பிள்ளைகளின் குரல் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாக வந்தது. அதில் எது மேலே எது கீழே என்று பிரிக்க முடியவில்லை. தன் குரல் மட்டும் மண்டைக்குள் பெரிதாகக் கேட்டது. டாக்டர் சொன்ன அதே தண்ணீர்தான். இதற்குள் நின்றுகொண்டா அந்தப் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிப் பாடியது?

விடாமல் முதல் அடியைத் தானே எடுத்துக் கொடுத்தார். இரண்டு பிள்ளைகள் அஷ்வினைப் பார்த்தார்கள். அஷ்வின் கீபோர்டைப் பார்த்தான். ஓரத்தில் நின்ற சின்னப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சேருதாப்பா?" என்று கேட்டார். "நல்லாருக்கு மாஸ்டர்" என்றான் அஷ்வின், குனிந்த தலை நிமிராமல். பெர்னார்ட் அந்த இருபது தலைக்கும் மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

ஜெசிந்தா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்ததும், இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். அதில் கேலி இல்லை, பழியும் இல்லை. அந்தக் கோயிலில் அவரிடம் உண்மை பேச ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

அவர் கையை இறக்கினார். "அஷ்வின், நாளைக்கு நீயே நடத்திடு. எனக்கு இப்ப சுருதி பிடிபடல" என்றார். அவன் ஏதோ சொல்ல வந்தான். அவர் நிற்கவில்லை. நடுவழியாக நடந்து கடைசி பெஞ்சு வரைக்கும் வந்தார். அம்பது வருஷத்தில் அந்தப் பெஞ்சுக்கு அவர் வந்தது அன்றைக்குத்தான். பின்னால் அஷ்வின் பிள்ளைகளை முதலிலிருந்து பாடச் சொன்னான்.

மகளுக்கு எதிரில் நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"ஜெஸி, உன் காது ஒழுகினது எனக்குத் தெரியும்மா. அந்தப் பஞ்சை நான்தான் எடுத்தேன். கைல ஒட்டிச்சு. நாத்தம் அடிச்சுது. தெரிஞ்சும் உன்னை உக்கார வெச்சேன். ஒரு சனிக்கிழமை வந்திருந்தா போதும், மம்மி எத்தனையோ தடவை கூப்பிட்டா. நான் வரல. தப்பு பண்ணிட்டேன்மா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாட்டு உரத்துவிட்டது. ஜெசிந்தா முகத்தை இடது பக்கமாக ஜன்னலை நோக்கித் திருப்பிக்கொண்டாள்.

பெர்னார்டின் கை பழைய நினைவில் அவள் தாடைக்கு எழும்பியது. பாதியில் அதை மடக்கிக்கொண்டார். புத்தக அடுக்கைச் சுற்றி இன்னும் ஒரு அடி கிட்டே போனார். குனிந்து, அவள் தன் பக்கம் திருப்பியிருந்த அந்த வலது காதுக்கு நேராக, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லத் தொடங்கினார்.